முழுசா சொல்லுங்க டீச்சர்

முன்பின் தெரியாத ஒருவனின் கைப்பேசியிலிருந்து நம் குரலையே நாம் கேட்டால் எப்படி இருக்கும்...? காஞ்சனாவுக்கு அது நடந்தது. கூலிம் பட்டணத்து பஸ் ஸ்டாப்பில், சாயங்காலம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது. இப்போதும் அந்தப் பக்கமாகப் போனால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அன்றைக்கு அவள் குடையிருந்தும் பாதி நனைந்திருந்தாள். பெஞ்சின் மறுகோடியில் சாம்பல் நிற பேக்டரி சட்டை போட்ட ஒருவன். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் ஹெல்மெட். மோட்டர் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு மழைக்கு ஒதுங்கியிருந்தான். மழைச் சத்தத்தில் காது கேட்காமல் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"வணக்கம், பேசறது காஞ்சனா டீச்சர். இன்னைக்கு நம்ம பிள்ளைங்க எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க. லோகா அழகா கோலம் போட்டுச்சு..."

காஞ்சனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அதைத் திரும்பப் போட்டான். முடிந்ததும் மறுபடியும் போட்டான். தூக்கம் கெட்ட கண்கள் அவனுக்கு... ஆனால் அந்தக் குரலைக் கேட்கிற நேரம் மட்டும் அதில் ஒரு வெளிச்சம். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"யாருண்ணே அது, பேசறது?" ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"என் தங்கச்சி ஸ்கூல் டீச்சர். அது ஸ்பெஷல் பிள்ளைங்க ஸ்கூலு. தினமும் இப்படி அனுப்புவாங்க. நான் ஹைடெக் பேக்டரில வேல. உள்ள போன் கொண்டு போக முடியாது, லோக்கர்ல பூட்டிட்டுத்தான் போகணும். வெளிய வந்தா முதல் வேல இதான்."

"அதுக்காக இத்தன வாட்டியா கேப்பீங்க?"

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "குரல் அப்படி லா... எங்க எஸ்டேட்டு திருவிழாவுல மைக்ல கூப்புடுவாங்க பாருங்க, 'காணாம போன பிள்ள இங்க கோயில் வாசல்ல இருக்கு, வந்து கூட்டிட்டு போங்க'ன்னு... அத கேட்ட மாதிரியே இருக்கும்."

காஞ்சனாவுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா ஒன்னு. ஆளு பொய் சொல்றாங்க."

"என்னது?"

"தினமும் எப்படிங்க எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க? எனக்கு ஒரு நாள் நல்லா இருந்தா நாலு நாள் தலவலி. என் தங்கச்சி மட்டும் வருஷம் பூரா சிரிச்சிக்கிட்டே இருக்காம்!"

"சந்தேகம்னா நேர்ல போயி கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா மட்டும்? பாவம், வயசான டீச்சரா இருப்பாங்க. கண்ணாடி, கொண்ட..."

"நான் ஒன்னும் கொண்ட போடறதில்ல!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! அவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் போனைப் பார்த்தான். "அலாமா..." என்று பதறி எழுந்தவனின் மடியிலிருந்து ஹெல்மெட் உருண்டு மழைத் தண்ணீரில் விழுந்தது. அவன் அதை எடுக்கக்கூட இல்லை.

"டீச்சர்... நான் லோகேஸ்வரி அண்ணன்... புவனேசன்..."

நல்ல வேளையாக பஸ் வந்தது. காஞ்சனா ஏறி உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பாமல், வீடு போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே போனாள்.

ஆனால் படுக்கப் போகும்போது சிரிப்பு போய்விட்டது. அவன் சொன்னது உண்மை. அதுதான் உறுத்தியது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தினமும் இரண்டு செய்தி போகும். இரண்டையும் காஞ்சனாதான் பேசி அனுப்ப வேண்டும். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிற பெற்றோரும் பள்ளி ஆயாக்களும் இருந்ததால் எல்லாமே குரல்தான். குடும்பங்களின் வாட்சாப் குழுவுக்கு நல்லது மட்டும். ஆசிரியர்களும் ஆயாக்களும் இருந்த குழுவுக்கு நடந்தது எல்லாம். யார் கடித்தார்கள், யார் அழுதார்கள், யாருக்கு வலிப்பு வந்து போனது... எல்லாம் அதில்தான். இது தலைமையாசிரியை ஜெனவீவ் போட்ட ஏற்பாடு. அவருக்குத் தங்கமான மனசு. "அந்த வீடுங்கள்ள ஏற்கெனவே ஆயிரம் கவலம்மா. நாம எதுக்கு கூட ஒன்ன ஏத்தி வைக்கணும்?" என்பார். சாவுச் செய்தியைக்கூட 'கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பி வாங்க' என்றுதானே சொல்லிப் பழகிய ஜனம் நாம்! காஞ்சனாவுக்கும் அது தப்பாகப் பட்டதில்லை, அந்த மழை நாள் வரைக்கும்.

அதன்பின் தனக்கு வேலை லீவான நாட்களில் லோகாவைக் கூட்டிப்போகப் புவனேசனே வந்தான். அதுவரை வேன்தான் வரும். லோகாவுக்குப் பதினேழு வயது, டவுன் சின்ட்ரோம். வட்ட முகம். அண்ணன் வந்ததும் ஓடிப்போய் அவன் வயிற்றில் முட்டும். அப்பா இவர்களுடைய சிறுவயதிலேயே தவறிவிட்டார். அம்மா போன வருஷம் காலமானார். பள்ளியில் எல்லோருக்கும் அது தெரியும்.

கேட்டருகே நின்று இருவரும் பேசுவார்கள். அவள் வளர்ந்தது பண்டார் பாரு பக்கத்து எஸ்டேட், அவன் வளர்ந்தது கூலிம் பக்கத்து எஸ்டேட். பேசப்பேச எல்லாம் ஒன்றாகவே வந்தது. பள்ளி விளையாட்டுப் போட்டியன்று எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்க மைலோ லோரி வந்து நிற்பது... காகிதக் குவளையில் அந்தச் சில்லென்ற மைலோ... இரண்டாவது தடவை வரிசையில் நின்று மாட்டிக்கொள்வது...

"வீட்டுல எத்தன போட்டு கலக்குனாலும் அந்த ருசி வரமாட்டேங்குது டீச்சர்."

"ஓடிட்டு வந்து குடிச்சா வரும். நீங்கதான் மோட்டர விட்டு எறங்க மாட்டீங்களே!"

"எங்கம்மா கேன்டீன்ல வேல செஞ்சப்ப, ஷிப்ட் முடிஞ்சி வரும்போது திங்க கரிபாப் கொண்டு வரும். நானும் லோகாவும் வீட்டு கேட்டுகிட்டயே உக்காந்திருப்போம்..." சொல்லிவிட்டு அவன் சாலையைப் பார்ப்பான். அவள் பேச்சை மாற்றாமல் கூடவே நிற்பாள். எப்போதிலிருந்து அவனை 'அண்ணே' என்று கூப்பிடுவதை விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நாட்களை இப்போது எண்ணிப் பார்த்தால், இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கக் கூடாதா என்று அவள் மனசு ஏங்கும்.

ஆனால் அவன் ஒவ்வொரு முறையும் கேட்பான். "லோகா நல்லா இருக்கா டீச்சர்?"

அவளும் சொல்வாள். "நல்லா இருக்கு."

உண்மை அதுவல்ல. சில வாரங்களாகவே லோகா மதியம் சாப்பிடுவதில்லை. தட்டைத் தள்ளிவிட்டுப் போய்க் கேட்டருகே உட்கார்ந்துவிடும். 'அம்மா வரும்' என்று சொல்லும். வேன் வந்ததும் அழும். ஏறுவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். "அம்மா போன துக்கம், நாள் ஆக ஆக சரியாயிரும். அந்தப் பையன்கிட்ட சொல்லி நோகடிக்காத" என்றார் ஜெனவீவ். அவன் சிரிக்கும்போது காஞ்சனாவுக்கும் சொல்ல வாய் வரவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். காஞ்சனா சறுக்கியது மறுபடியும் ஒரு மழை மதியத்தில். மனசு முழுக்க அவன்... விரல் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பேசியது குடும்பங்களின் குழுவில் போய் விழுந்தது.

"லோகா இன்னைக்கும் சாப்பிடல. கேட்டுகிட்ட உக்காந்து அம்மா வரும்னு அழுதுக்கிட்டே இருந்துச்சு. அண்ணனுக்குத் தெரிய வேணாம்னு பெரிய டீச்சர் சொல்லியிருக்காங்க, ஆயாங்க யாரும் வாய் விட்டுராதீங்க..."

ஜெனவீவ் ஓடி வந்தார். "காஞ்சனா, அழிச்சிரும்மா! சீக்கிரம்!"

அழிக்கலாம். கேட்டவர்கள் ஓரிருவர்தான், சொன்னால் புரிந்துகொள்வார்கள். புவனேசன் ஷிப்டில் இருக்கிறான். போன் லோக்கரில் கிடக்கிறது. அழித்துவிட்டால் அவனுக்குத் தெரியவே போவதில்லை. அடுத்த லீவிலும் கேட்டருகே வந்து நின்று, 'லோகா நல்லா இருக்கா டீச்சர்?' என்று கேட்பான்... அவளும் 'நல்லா இருக்கு' என்பாள்... காஞ்சனா விரலை எடுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க டீச்சர். இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் வேனில் லோகா வரவில்லை. அவன் குரல் மட்டும் வந்தது. "டீச்சர், இனிமே லோகா வராது. இவ்வளவு நாளா நேர்ல நின்னு சிரிச்சி பேசுனீங்க... என் தங்கச்சி சாப்புடலன்னு எனக்கே தெரியல. ஊருக்கே தெரிஞ்சிருக்கு." அவ்வளவுதான். காஞ்சனா எத்தனை முறை அழைத்தும் அவன் எடுக்கவில்லை.

சனிக்கிழமை அவளே அவன் வீட்டைத் தேடிப் போனாள். வரிசை வீடுகளில் கடைசி வீடு. கேட்டைப் பிடித்துக்கொண்டு லோகா நின்றிருந்தது. "டீச்சர்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து வயிற்றில் முட்டியது. புவனேசன் வெளியே வந்தான். வராதே என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

"மன்னிப்பு கேக்க வந்தேன்" என்றாள்.

"எதுக்கு? தப்பா அனுப்பிட்டதுக்கா?"

"இல்ல. மொதல்லயே சொல்லாததுக்கு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லோகா மறுபடியும் கேட்டுக்கே போய் நின்றது.

"லோகா, உள்ள வாடா" என்று கூப்பிட்டாள் காஞ்சனா. "யாருக்கு காத்திருக்க?"

"அம்மாவுக்கு. அம்மா ஷிப்ட் முடியல. அண்ணன் சொன்னுச்சு. முடிஞ்சா வரும்."

காஞ்சனா மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது.

"இன்னும் சொல்லலையா நீங்க...?"

"அம்மா இறந்தப்ப இத பெண்டாங் ஊருல சித்தி வீட்டுல விட்டுட்டேன்" என்றான். குரல் உடைந்தது. "கருமாதியெல்லாம் முடிஞ்சிதான் கூட்டிட்டு வந்தேன். எங்கன்னு கேட்டுச்சு. வேலைக்கு போயிருக்குன்னு சொல்லிட்டேன். இதுக்கு எப்படி டீச்சர் சொல்றது? மாலை போட்ட படத்தக்கூட அலமாரில ஒளிச்சி வச்சிருக்கேன்..."

பள்ளிக்கூடம் அவனிடம் மறைத்தது. அவன் தங்கச்சியிடம் உண்மையைச் சொல்லவில்லை, சொன்ன பொய்யைப் பள்ளிக்கூடத்திடமும் சொல்லவில்லை. எல்லோரும் பாசத்தில்தான் செய்தார்கள். நடுவில் அந்தப் பிள்ளை மட்டும் ஒரு வருஷமாக வராத ஷிப்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

'நீங்க மட்டும் என்ன?' என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள்.

அவன் படத்தை எடுத்து வந்தான். லோகாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். சொல்லத் தொடங்கி நிறுத்தினான், மறுபடியும் தொடங்கினான். "அம்மா செத்துப் போச்சு லோகா. வேலைக்கு போகல. இனிமே வராது. அண்ணன் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்." லோகா படத்தையே பார்த்தது. பிறகு இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்து, அவன் தோளிலேயே விழுந்து ஓவென்று அழுதது. அவனும் அழுதான். ஒரு வருஷத்து அழுகையை அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

வெகுநேரம் கழித்து லோகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பூ காஞ்சிருச்சு" என்றது. மூவரும் கடைத்தெருவுக்குப் போய்ப் புது மாலை வாங்கி வந்தார்கள். லோகாவே போட்டது. சாயங்காலம் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டது.

அடுத்த வாரம் அதைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வந்தான் புவனேசன். நடந்ததை ஜெனவீவிடம் எதையும் விடாமல் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க மேலயும் தப்பிருக்குப்பா. நல்லதோ கெட்டதோ, இனிமே ரெண்டு குழுவுக்கும் ஒரே செய்திதான்" என்றார்.

காஞ்சனா அவனை வழியனுப்ப வெளியே வந்தாள். சின்னத் தூறல். அவன் மோட்டரை எடுக்காமல் சாவியையே திருப்பிக்கொண்டிருந்தான்.

"டீச்சர்... நானும் மறைக்காம சொல்லிறேன். ஷிப்ட் வேல. பாதி நாளு பகல்ல தூங்குவேன். சட்டுனு கோவம் வரும்... அத நீங்களே பாத்துட்டீங்க. லோகா எப்பவும் என் கூடத்தான் இருக்கும், எங்கயும் விடமாட்டேன். இதெல்லாம் தெரிஞ்சவங்ககிட்டதான் சொல்ல முடியும்..."

"என்னத்த?"

"உங்கள புடிச்சிருக்கு." சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான். "அன்னைக்கு அந்த மெசேஜ் மட்டும் தப்பா வரலன்னா, நான் இன்னும் லோகாகிட்ட பொய்தான் சொல்லிக்கிட்டு இருப்பேன்."

காஞ்சனா அவனைப் பார்த்தாள். மழைத்துளி நின்ற இமைகள்... இந்தக் கண்களிடம் இனி எதையும் மறைக்க முடியாது என்று தோன்றியது.

"நீங்க வெளிய வர்றதுக்குள்ள அத அழிச்சிருக்கலாம்" என்றாள். "பெரிய டீச்சர் பக்கத்துல நின்னு அழி, அழின்னாங்க. நேரம் நெறைய இருந்துச்சு."

"அப்புறம் ஏன்...?"

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு தெரியும். திரும்ப பேசவே மாட்டீங்கன்னும் நெனச்சேன். ஆனா உங்ககிட்ட இன்னொரு வாட்டி 'நல்லா இருக்கு'ன்னு பொய் சொல்ல என்னால முடியல. வேற யாரா இருந்தாலும் அழிச்சிருப்பேன்..."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்ப... அது தப்பா வந்தது இல்லயா?"

"வந்தது தப்பாத்தான்." அவள் குரல் மிகவும் தணிந்திருந்தது. "நின்னது வேணும்னே."

புவனேசன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.