முன்பெட்டிக்குள் உப்புத் தண்ணீர்

கீர்த்தனாவின் அப்பா ஜெயக்குமார் ஒரு பழைய உல்லாசப் படகு வாங்கினார். மூடிப்போன ஒரு விடுதியின் உரிமையாளர் விற்றது. கருங்குழியில் நெல் பயிரிடும் குடும்பத்தில் படகு வாங்கிய முதல் ஆள் அவர்தான். "ஏர் ஓட்டுனவன் படகு ஓட்டப் போறானாம்" என்று ஊரே சிரித்தது.

வார நாட்களில் அவருக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள உப்பங்கழியில் படகு ஓட்ட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. முதல் சவாரிக்குக் கீர்த்தனாவின் ஆறாம் வகுப்பே வருவதாக இருந்தது.

படகைக் கழுவும்போது கீர்த்தனா எண்ணிப் பார்த்தாள். படகோடு சேர்த்தே செய்த பெட்டிகள் நான்கு இருந்தன. முன்னால் ஒன்று, இருக்கைகளுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்று, பின்னால் வட்ட மூடி போட்டு இறுக்கித் திருகிய ஒன்று.

"அப்பா, எது எதுக்கு எந்தப் பெட்டி?"

"எனுக்கு இன்னாம்மா தெரியும்? வித்தவரு சாவியக் குடுத்தாரு, பின்னாடி பெட்டியப் பத்தித் தவிர வேற ஒண்ணும் சொல்லல. நான் இன்ஜினப் பாத்துகினு கீறேன். பெட்டிய நீ பாத்து சொல்லு. பின்னாடி இருக்கறத மட்டும் தொறக்காத. உள்ள வெறும் காத்துதான் கீது. தண்ணி பூந்தாலும் படகத் தாங்குறது அதான்."

பக்கப் பெட்டிகளில் மிதவைச் சட்டைகள் அடைத்துக் கிடந்தன. முன்பெட்டி பெரியது, காலியாக இருந்தது. அதன் அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. கீர்த்தனா ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாள். குபுகுபுவென்று வெளியே போய்விட்டது.

"அப்பா! நம்ம வயல்ல கீற மட மாதிரியே கீதுப்பா! எவ்ளோ தண்ணி விட்டாலும் நிக்கல. பைங்கள வைக்க இதான் நல்ல பெட்டி."

பிறந்ததிலிருந்து வயல் தண்ணீர் மடை வழியாக வெளியே போவதையே பார்த்துப் பழகியவள் அவள். அதனால் யோசிக்காமல் பெட்டி மேல் 'பைகள்' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். சாரதாம்பாள் டீச்சரும் கூடவே தீனதயாளன் சாரும் வந்தார்கள். எல்லோரும் பறவைகளைப் பார்த்து வரைய வேண்டும். ஒரு மாதமாக வரைந்த நோட்டுகளும் பைகளில் இருந்தன. அவை கண்காட்சிக்குப் போகவேண்டியவை.

முதலில் ஏழு பேர் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு டீச்சரோடு ஏறினார்கள்.

"பையெல்லாம் குடுங்க. ஒரு சொட்டுத் தண்ணி படாம வெச்சிக்கிறேன்" என்றாள் கீர்த்தனா. முதலாளியம்மா தோரணைதான்!

கூழைக்கடாப் பறவைகளைக் கண்டதும் எல்லோரும் முன்பக்கம் போய் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். ஒரே கூச்சல். கீர்த்தனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கரைக்கு வந்ததும், யாரும் இறங்குவதற்கு முன்பே முன்பெட்டியைத் திறந்தாள். உள்ளே பாதி உயரத்துக்குத் தண்ணீர். ஏழு பைகளும் ஊறிக் கிடந்தன.

ஆல்வின் ஒரு பையிலிருந்து பாட்டிலை இழுத்தான். "ஏய் ஜெனிட்டா, உன் பாட்டில் மூடி தொறந்து கீது! எல்லாம் உன்னாலதான்!"

ஜெனிட்டாவின் முகம் சுருங்கியது. "நான் மூடிட்டேன்னு நெனச்சேன்... சாரிப்பா. எல்லாருக்கும் சாரி."

ஒரு பாட்டில் தண்ணீரில் ஏழு பைகள் நனையுமா? யாரும் யோசிக்கவில்லை. கீர்த்தனா மட்டும் பெட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்புக் கரித்தது.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. போன ஐப்பசி மழையில் வாய்க்கால் நிரம்பியபோது தண்ணீர் மடை வழியாக வயலுக்குள்ளேயே திரும்பி வந்ததே! இங்கேயும் அதேதான். எல்லோரும் முன்னால் உட்கார்ந்ததும் படகு தாழ்ந்தது. துளை தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. காலிப் படகில் சோதித்துவிட்டு, தான் எல்லாம் தெரிந்தவள் மாதிரி சீட்டு ஒட்டியிருக்கிறாள்.

சொல்ல வாயைத் திறந்தாள். கரையில் மற்ற ஏழு பேரும் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகுக்குள் உப்புத் தண்ணீர் வந்தது என்று சொன்னால் இனி யார் ஏறுவார்கள்? அப்பாவுக்கு இதுதான் முதல் நாள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பெட்டியையும் மூடினாள்.

ஜெனிட்டா சவுக்கு மரத்தடிக்குப் போய் வெயிலில் நோட்டுகளை விரித்தாள். பக்கங்கள் பறக்காமல் கிளிஞ்சல்களை வைத்தாள். முதலில் ஆல்வினுடையது, அப்புறம் மற்றவர்களுடையவை. அவர்கள் பென்சிலில் வரைந்ததால் படங்கள் தப்பின. தன் நோட்டை அவள் கடைசியில்தான் விரித்தாள். ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த மீன்கொத்தி நீலக் குழம்பாகிக் கிடந்தது.

கீர்த்தனாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. தன் தப்பை இன்னொருத்தி துடைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

"டீச்சர்!" என்றாள். "தண்ணி ஜெனிட்டா பாட்டில்லேர்ந்து வரல. பொட்டில கீறது உப்புத் தண்ணி. நான்தான் தப்பான பொட்டில வெச்சேன். அப்பவே தெரிஞ்சுது. சொல்லாம இருந்துட்டேன்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"அப்ப படகு ஓட்டையா?" என்றான் ஆல்வின்.

"ஓட்ட இல்லப்பா" என்றார் அப்பா. "அந்தப் பொட்டிக்கும் படகுக்கும் நடுவுல தடுப்பு கீது. பொட்டில வர்ற தண்ணி அதத் தாண்டாது." அவர் சொன்னது உண்மைதான். ஆனால் யாரும் நகரவில்லை.

கீர்த்தனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டீச்சர், இப்ப ஆளுங்கள ஏத்தி சோதிச்சுப் பாக்கலாமா?"

மூன்று பெட்டிகளிலும் செய்தித்தாளை விரித்தாள். படகைக் கரையோடு கட்டி, அப்பாவையும் டீச்சரையும் முன்னால் உட்கார வைத்தாள்.

"சார், நீங்களும் வாங்க. நீங்க வந்தா சரியா இருக்கும்."

தீனதயாளன் சார் தன் தொப்பையைப் பார்த்துக்கொண்டார். "என்னை எதுக்குக் கூப்பிடறன்னு தெரியுது, போ!" என்று ஏறினார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பத்து நிமிடம் கழித்துத் திறந்தார்கள். முன்பெட்டித் தாள் கூழாகியிருந்தது. பக்கப் பெட்டித் தாள்கள் மொறுமொறுவென்று இருந்தன. படகின் தரையில் ஒரு சொட்டு இல்லை.

"ஈரமானாலும் பரவால்லன்னு இருக்கற கயிறும் நங்கூரமும்தான் முன்பொட்டில இருக்கணும்" என்றாள் கீர்த்தனா. "சட்டைய எல்லாரும் போட்டுக்கினா பக்கப் பொட்டி காலி. பைங்க அங்க."

அவள் சீட்டைக் கிழித்தாள். டீச்சர் தலையாட்டி, அடுத்த ஏழு பேரையும் சட்டை மாட்டச் சொன்னார்.

கீர்த்தனா சவுக்கு மரத்தடிக்குப் போனாள். "இந்தச் சவாரில என் எடத்துல நீ போறியா ஜெனிட்டா? மீன்கொத்திய மறுபடியும் பாத்து வரையலாம். டீச்சர் கிட்ட நான் கேக்கறேன்."

ஜெனிட்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஆமா. சொல்லியிருக்கணும்."

கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டு படகுக்குத் திரும்பினாள். ஏறுகிறவர்களின் பைகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தாள். இந்த முறை தோரணை ஏதும் இல்லை.

கடைசியாக ஒரு புது நோட்டு அவள் முன்னால் நீண்டது. டீச்சரிடம் வாங்கிய நோட்டு. நீட்டியவள் ஜெனிட்டா.

"எந்தப் பொட்டி?" என்று கேட்டாள்.

"வலது பக்கம்."

ஜெனிட்டா நோட்டை அவள் கையில் கொடுத்தாள். கீர்த்தனா அதை எங்கே வைக்கிறாள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், போய்ப் பறவைகள் பக்கமாக உட்கார்ந்தாள்.