இரண்டாம் நம்பர் பம்ப்

நாலு மாதம் கழித்துச் சோபனா வேலைக்குத் திரும்பிய நாள், பின்னேரம் நாலு மணிக்கே வானம் இருண்டுவிட்டது. கந்தளாய் வீதியில் இருந்த அந்தப் பெற்றோல் செட்டுக்குக் கடல் பக்கமிருந்து மழைக்காற்று வந்துகொண்டிருந்தது. எரிந்துபோன இரண்டாம் நம்பர் பம்ப் நின்ற இடத்தில் புதியதொன்று நின்றது. தூணுக்கும் புதுப் பெயின்ற். தரையில் பிடித்த கருமை மட்டும் எத்தனை தரம் உரசிக் கழுவியும் போகவில்லையாம்.

"பயமெண்டால் முதலாம் பம்பில நில்லுங்கோ அக்கா," என்றான் கூட வேலைசெய்யும் நிதுசன்.

"எனக்கென்ன பயம்?"

பொய். காலையிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

பம்ப் எரிந்த அன்றைக்கு வரிசை வீதிவரை நின்றது. ஒரு வானின் பின்பக்கம், றப்பர் விரிப்பின் மேல், வெறும் கேன் ஒன்று. பம்ப் குழாயும் கையுமாக நின்ற தம்பையா அண்ணை, பொறுப்பாக நின்ற சோபனாவைப் பார்த்துக் கேட்டார்: "இறக்கவோ, பிள்ளை?"

கேனை நிலத்தில் வைத்துத்தான் பெற்றோல் அடிக்க வேண்டும். றப்பரில் இருந்தால் மின்னேற்றம் நிலத்துக்கு இறங்க வழியில்லாமல் பொறி பறக்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும், "சனம் நிக்குது அண்ணை, அப்பிடியே அடியுங்கோ," என்றாள். ஒருவரும் சிகரெட் பற்றவைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்றே போதுமாக இருந்தது. தம்பையா அண்ணை மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார்.

தான் சொன்னதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. வீட்டில் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றால்கூட முதுகுக்குப் பின்னால் அவருடைய அந்தக் கேள்வி காதில் விழுந்தது. அவர் எரிந்த இடத்திலேயே நின்று மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார் என்று நினைத்துத்தான் திரும்பி வந்தாள். பாவம், அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

ஐந்து மணிபோல, அவள் நின்ற இரண்டாம் பம்பில் ஒரு வான் வந்து நின்றது. தோப்பூர் விவசாயி கலீலுர் றஹ்மான் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். உள்ளே றப்பர் விரிப்பு. அதன்மேல் ஒரு கேன். முன்னால் இருக்கையில் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகள்.

"புல்லு வெட்டுற மெசினுக்கு, தங்கச்சி. நிரப்பின கேனைத் தூக்கி ஏத்த எனக்கு ஏலா, இடுப்பில நாரி நோவு. அப்படியே அடிங்க."

சோபனா அந்த றப்பர் விரிப்பையே பார்த்தாள்.

காற்று நின்றுபோனது.

பெற்றோல் மணத்துக்குள் இன்னொரு மணம் மெல்லக் கலந்தது. கருகிய முடி.

அவள் காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

"இறக்கவோ, பிள்ளை?"

கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"இறக்குங்கோ," என்றாள். "இறக்குங்கோ அண்ணை."

சீமெந்துத் தரையில் ஏதோ தொம்மென்று விழுந்தது. கண்ணைத் திறந்தபோது கேன் நிலத்தில் நின்றது. கலீலுர் றஹ்மான் வானின் முன்பக்கத்தில் மகளின் சீற் பெல்ற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார்.

"நீங்களா இறக்கின?"

அவள் குழாயை எடுத்தாள். குழாயின் வாயைக் கேனின் வாயில் முட்டவைத்து, மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினாள். மூடியை இறுக்கி, நிதுசனைக் கூப்பிட்டு ஏற்றுவித்தாள். கேனின் பிடியில் ஐந்து விரல்கள் கரியாகப் பதிந்திருந்தன.

"வாப்பா," என்று சின்னவள் மூக்கைப் பொத்தினாள். "முடி எரியிற மணம்."

வான் போய்விட்டது. மழை பிடித்துக்கொண்டது.

சோபனா பம்பருகில் தனியே நின்றாள். நாலு மாதமாக எவரிடமும் சொல்லாதது வெளியே வந்தது. "பிழை என்னிலதான் அண்ணை. நான்தான் அடிக்கச் சொன்னனான். மன்னிச்சிடுங்கோ."

அழுகை வந்தது, கூடவே ஆறுதலும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாகனத்துக்குக் குழாயை எடுக்குமுன், உடம்பில் உள்ள மின்னேற்றம் இறங்கட்டும் என்று பம்பின் வெற்று இரும்பில் உள்ளங்கையை வைத்தாள்.

இரும்பு குளிர்ந்திருந்தது.

அவள் கையின் மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. கொதிக்கக் கொதிக்க. தோல் உரிந்து, ஈரமாக.

அண்ணை கையை எடுப்பார், விட்டுவிடுவார் என்று காத்திருந்தாள்.

மழை விட்டது. வாகனங்கள் வந்து ஹோர்ன் அடித்தன. அந்தக் கை அவள் கையை விடவில்லை.