ஒரு சொட்டு இல்லாத தரை

விற்றுப்போன கார் ஒழுகினால் அது வாங்கியவர் வாசலில் ஒழுக வேண்டும். விற்றவர் வாசலில் ஒழுகுவதற்கு அதற்கு எந்த உரிமையும் இல்லை. இந்தச் சாதாரண நியாயத்தைக்கூட மதிக்காமல், கார் கைமாறிப் போன மூன்றாவது வாரம், தலைவர் வீட்டு வாசலில் ஒரு கறை கிடந்தது. உள்ளங்கை அகலம், பால் விடாத டீயின் நிறம்.

தலைவர் என்றால் நாட்டுக்குத் தலைவர் இல்லை. அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். மற்றவர்களுக்கெல்லாம் வேறு வேலை இருந்ததால் தொடர்ந்து போட்டியின்றித் தேர்வாகிவந்தார். வீட்டிலிருந்து தெருவுக்குச் சரிந்து இறங்கும் கான்கிரீட் தளம் அவருடைய பெருமை. சங்கத்தின் சார்பில் சிறந்த வாசலுக்கு ஒரு கேடயம் வைத்தவர் அவர். நடுவராக இருந்தவர் அவர். வேறு யாருக்கும் தகுதி இல்லாததால் வருத்தத்தோடு அதைப் பெற்றுக்கொண்டவரும் அவர்தான். ‘வாசல் சுத்தம், வம்சம் சுத்தம்’ என்று எழுதிய பலகை கேட்டில் தொங்கியது.

குத்தவைத்து உட்கார்ந்து கறையை விரலால் தொட்டார். வழவழப்பு. மூக்கருகே கொண்டுபோனார். என்ஜின் ஆயிலின் கருகல் வாடை இல்லை. லேசாக மீன் கவிச்சை. அந்த வாடை அவருக்குப் பழக்கமானது. பழக்கமில்லாதவர் போல விரலைத் தோளிலிருந்த துண்டில் துடைத்துக்கொண்டார்.

“என்ன அங்க ஆராய்ச்சி?” என்றாள் மனைவி, படியில் நின்றபடி.

“எவனோ எண்ணெயைக் கொட்டியிருக்கான்.”

“பூட்டின கேட்டுக்குள்ள வந்தா?”

“பொறாமைக்குப் பூட்டு ஏது?”

“உங்களைப் பார்த்துப் பொறாமைப்படற அளவுக்கு யாருக்கு என்ன கஷ்டமோ பாவம்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. கறை கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் அங்கே நின்றிருந்தால் பின்பக்க இடது சக்கரம் சரியாக அந்த இடத்தில் இருந்திருக்கும்.

அந்தச் சக்கரத்தைப் பற்றி மெக்கானிக் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. மறப்பதற்கு எடுத்துக்கொண்ட முயற்சியால்தான் மறக்கவில்லை. “பின் சக்கரத்துல பிரேக் ஆயில் கசியுது சார். இப்போதைக்கு மிதிச்சா நிக்கும். என்னிக்கோ ஒரு நாள், மிதிச்சா பஞ்சு மூட்டையில கால் இறங்கற மாதிரி இறங்கிடும். அன்னிக்கு நிக்காது.”

“விக்கப்போற மாட்டுக்கு லாடம் எதுக்குப்பா?”

“அப்ப வாங்கறவர்கிட்ட சொல்லிடுங்க.”

“அது என் பொறுப்பு.”

பொறுப்பு என்ற சொல்லை மேடையிலும் அவர் இதே கனத்தோடுதான் உச்சரிப்பார். அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்ட விதம் இப்படி: வாங்குபவர் வரும் நாள் காலையில் காரைத் தள்ளிவைத்து, கறைமேல் மரத்தூளைக் கொட்டி, செருப்புக் காலால் நன்றாக மிதித்து உறிஞ்சவிட்டுப் பெருக்கினார். சோப்புத்தூளைக் குழம்பு போலக் குழைத்து அப்பி ஊறவைத்தார். முரட்டு பிரஷ்ஷால் முழங்கால் நோகத் தேய்த்துக் கழுவினார். குறைந்திருந்த பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பினார். பிறகு காரைப் பின்பக்கமாக ஏற்றி, தெருவைப் பார்க்க நிறுத்தினார். தலைவர் வண்டி என்றால் எப்போதும் புறப்படத் தயாராக நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

வாங்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மனைவியும் மகளும் கூட வந்திருந்தார்கள். மகள் வந்ததும் வராததுமாகப் பின் இருக்கையில் ஏறி, கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தாள். வாத்தியார் உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, தலையைச் சாய்த்து, வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார்.

“நல்லா பாருங்க வாத்தியாரே. தரையைப் பாருங்க. ஒரு சொட்டு இருக்கா? விக்கிறவன் பொய் சொல்லுவான், தரை சொல்லாது.”

“சுத்தமா இருக்கு சார்” என்றார் வாத்தியார், தரையில் கையூன்றியபடியே, நன்றியோடு.

ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார். பிரேக் மிதி கொஞ்சம் இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றார். புதுக் காலுக்கு வண்டி பழக வேண்டும், அவசரப்படக் கூடாது என்று தொடங்கிய தலைவர், பொறுமையைப் பற்றி ஒரு நல்ல உரையே ஆற்றினார். அதற்குப் பிறகு வாத்தியாரிடமிருந்து போன் வரவில்லை. எழுத்து பொடியாக இருக்கிறதென்று தலைவர் செய்தித்தாளை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடி மாற்றலாமே என்று மனைவி கேட்டதற்கு, வீண் செலவு என்றார்.

இந்தப் புதுக் கறையைப் பார்த்த அன்றே மரத்தூள் போட்டு எடுத்தார். மறுநாள் காலை அது அதே இடத்தில் இருந்தது. எடுத்தார். மறுநாளும் இருந்தது, இன்னும் ஈரமாக, இன்னும் அகலமாக. கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். விடிந்ததும் பூட்டு பூட்டியபடி இருந்தது. கறையும் இருந்தது.

சந்தேகப்படுவது தலைவருக்கு மூச்சு விடுவது போல. முதலில் மனைவியின் தம்பியைச் சந்தேகப்பட்டார். உலகில் எது நடந்தாலும் அவனைத்தான் முதலில் சந்தேகப்படுவது வழக்கம். அவன் ஊரிலேயே இல்லை என்பது தெரிந்தும், இந்த முறை அவனை விடுவிக்க மனம் வரவில்லை. அடுத்து எதிர்வீட்டுப் பல் டாக்டர். ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது, கடைவாய்ப் பல்வரை தெரியக் கொட்டாவி விட்ட மனிதர் அவர், எதற்கும் துணிந்தவர்.

“டாக்டர், உங்க வண்டி எதுவும் எங்க வாசல் பக்கம் வருதா?”

“எங்க வண்டி எங்க வீட்டுக்கு வரவே கஷ்டப்படுது.” பல் டாக்டர் தன் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை. “நீங்க காரை வித்துட்டதா சொன்னீங்களே, திரும்ப வந்துடுச்சா?”

“இல்லையே. ஏன்?”

“காலையில பல் தேய்க்கும்போது உங்க வாசல்ல கார் கதவு சாத்தற சத்தம் கேட்குது. ஒண்ணு இல்ல, மூணு கதவு. அப்புறம் யாரோ கண்ணாடியை ஏத்தி இறக்கற மாதிரி. சரி, தலைவர் புது வண்டி வாங்கிட்டார், இனிமே அதுக்கும் ஒரு கூட்டம் போடுவார்னு நினைச்சேன்.”

தலைவர் சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை. பொய் சொல்கிறான் என்று தீர்மானித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். ஆனால் கண்ணாடியைப் பற்றி இவனுக்கு யார் சொன்னார்கள் என்ற கேள்வியும் கூடவே கேட்டுக்குள் நுழைந்தது.

அன்று மதியம் சந்தேகம் வீட்டுக்குள் வந்தது. சோறு போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்: “அந்த வாத்தியாருக்கு ஒரு போன் பண்ணிப் பாருங்களேன். வண்டி எப்படி ஓடுதுன்னு.”

“இப்ப எதுக்கு?”

“சும்மாதான்.”

முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் எதையும் சும்மா கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளேதான் ஊற்றுகிறாள், ஊற்றிவிட்டு அவர் வாயிலிருந்து வரவழைக்கக் காத்திருக்கிறாள். அப்படி நினைத்ததும் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மனைவியாக இருந்தால் பயமில்லை. மனைவியாகவே இருக்கட்டும்.

அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு யோசனை செய்தார். இருட்டுவதற்கு முன், தச்சுப் பட்டறையிலிருந்து இரண்டு மூட்டை மரத்தூள் வரவழைத்து, வீட்டுப் படியிலிருந்து கேட்வரை தளம் முழுவதும் சீராகப் பரப்பினார். பூனை நடந்தாலும் தடம் விழும். தன் மதியை மெச்சிக்கொண்டே படுத்தார்.

காலையில் கதவைத் திறந்ததும் மரத்தூளின் வாசனையோடு அந்தக் கவிச்சையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. தூளில் ஒரு காலடிகூட இல்லை. மனைவியின் காலடி இல்லை, டாக்டரின் காலடி இல்லை, பூனையின் காலடியும் இல்லை. பூட்டியிருந்த கேட்டுக்கு அடியிலிருந்து அகலமான இரண்டு பட்டைகள் மரத்தூளை அழுத்திக்கொண்டு சரிவில் ஏறி வந்து, கார் வழக்கமாக நிற்கும் இடத்தில் முடிந்திருந்தன. டயரின் வரி வரியான அச்சுத் தெளிவாகப் பதிந்திருந்தது. தளத்தின் ஓரத்தில், யாரோ குனிந்து பார்க்கக் கையூன்றியது போல, விரல் விரித்த ஒரு உள்ளங்கைத் தடம்.

அவர் துடைப்பத்தை எடுக்க ஓடினார். திரும்பி வந்தபோது மனைவி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்த தடம் இருக்கு” என்றாள் மெதுவாக. “போன தடம் எங்கங்க?”

அவர் பெருக்க ஆரம்பித்தார்.

“அந்த வண்டியில என்ன கோளாறு?”

“ஒரு கோளாறும் இல்ல. தரையைப் பார்த்துத்தானே வாங்கிட்டுப் போனான்.”

அவள் உள்ளே போனாள். பகல் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டாள். “வாத்தியார் பொண்டாட்டி என்கிட்ட வீட்டு அடையாளம் சொல்லியிருக்கா. போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்.”

அவள் சரிவில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நடக்காமல், மதிலோரமாக, உடம்பை ஒருக்களித்துக்கொண்டு நடந்தாள். கார் நின்ற காலத்தில் அப்படித்தான் நடக்க வேண்டியிருந்தது. கார் போன பிறகும் தானும் அப்படித்தான் நடந்துவருகிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாளில் ஒருமுறைகூட அந்த இடத்தின் குறுக்கே அவர் நடக்கவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது.

“பார்த்தியா?”

“வீடு பூட்டியிருக்கு. சொல்றதுக்கு அங்க யாரும் இல்ல, மூணு பேர்ல ஒருத்தர்கூட. பக்கத்து வீட்டுலதான் சொன்னாங்க.” அவள் குரல் வேறு யாருடைய குரலோ போல இருந்தது. “நேர்ல வந்து பேசிக்கறேன்.”

வைத்துவிட்டாள்.

அவரும் போனை வைத்தார். பிறகு பிரஷ்ஷையும் சோப்புத்தூளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவள் வரும்போது தரை சுத்தமாக இருக்க வேண்டும். தரையில் ஒன்றும் இல்லையென்றால் பேச்சில் என்ன இருந்துவிடப் போகிறது? மதிலை விட்டு விலகி நடுவுக்கு வந்து, கறையின் பக்கத்தில் மண்டியிட்டார். குழைத்து அப்பினார். தேய்த்தார். நுரை டீ நிறத்தில் பொங்கியது. துடைத்தார். மறுபடி தேய்த்தார். எங்கோ இடி முழங்கியது. முதல் தூறல் எதிர்வீட்டுச் செடிகளில் படபடத்தது. தொடர்ந்து மழை பிடித்துக்கொண்டது. மதில்மேல், பலகைமேல், தெருவின்மேல் ஒரே இரைச்சல். மண்வாசனை எழும்பியது. நல்லதுதான், மழையே கழுவிவிடும் என்று நினைத்துக்கொண்டே தேய்த்தார்.

முதுகு நனையவில்லை.

கையை நிறுத்தினார். மழை வலுத்துப் பெய்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே டம டமவென்று சத்தம். தகரத்தின்மேல் விழுகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தார். மேலே கூரை இல்லை. சாம்பல் நிற வானம் மட்டும்.

தரையைப் பார்த்தார். தளம் முழுவதும் மழையில் கறுத்துப் பளபளத்தது. அவரைச் சுற்றி மட்டும் வெளுப்பாகக் காய்ந்து கிடந்தது. நீளமாக. அகலமாக. நான்கு மூலையும் சற்று வளைந்து. ஒரு கார் அளவுக்கு.

முகத்துக்கு முன்னால், ஒரு சாண் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு சொட்டு திரண்டது. கனத்தது. விழுந்தது.

எழுந்தார். உச்சந்தலையில் எதுவோ இடித்தது. பின்வாங்கினார். மடங்கிய காலின் பின்புறம் எதிலோ தட்ட, நிலைதடுமாறிச் சரிந்தார். தரையில் விழவில்லை. நாற்காலி உயரத்தில் ஏதோ தாங்கிக்கொண்டது. முதுகுக்கும் பதமாக இருந்தது. பல வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் உடம்புக்கே பழகிய பள்ளம். கழுத்துக்குப் பின்னால் அவருடைய தலை எண்ணெயின் வாடை.

பக்கத்தில் கதவு சாத்தும் சத்தம். பின்னால் இன்னொன்று.

பிறகு, பின்னாலிருந்து, கண்ணாடி இறங்கும் சத்தம். ஏறும் சத்தம். இறங்கும் சத்தம்.

எழுந்திருக்க முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் மழைத்துளிகள் காற்றில் ஒட்டிக்கொண்டு நின்றன. கோடு கோடாக வழிந்தன. அந்தக் கோடுகளுக்கு அப்பால், சரிவின் அடியில், கேட் தெரிந்தது.

கேட் திறந்தது. மனைவி. குடையைத் தாழ்வாகப் பிடித்திருந்தாள். உள்ளே வந்து, கேட்டைச் சாத்த அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். தாழ்ப்பாளோடு போராடினாள். மழையில் அது எப்போதும் மக்கர் பண்ணும். சரிசெய்வதாக அவர்தான் பொறுப்பேற்றிருந்தார்.

காய்ந்த தரையின் விளிம்பு நனையத் தொடங்கியது. பின்பக்கம் நனைந்தது. முன்பக்கம், ஈரமாக இருந்த இடத்தில் மழை விழுவது நின்றது. ஒரு விரல் அளவு. ஒரு சாண்.

நகர்கிறது.

“ஓரமா போ” என்றார். சத்தம் எதிலோ மோதி அவர் முகத்துக்கே திரும்பியது. கை பிரேக்கைத் தேடினார். காற்றுதான் அகப்பட்டது. மதில் பின்னால் போனது. மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை.

பின் இருக்கையிலிருந்து யாரோ குனிந்து அவர் காதருகே வந்தார்கள். நன்றியுள்ள குரல்.

“சுத்தமா இருக்கு சார்.”

வலது கால் தானாகப் போய் மிதித்தது. அங்கே மிதி இருந்தது. அது மட்டும் இருந்தது.

கீழே, மனைவி குடையைச் சாய்த்துத் திரும்பிப் பார்த்தாள்.

கால் இறங்கியது. பஞ்சு மூட்டையில் இறங்குவது போல, மெத்தென்று, தடையில்லாமல், தரை வரை.