பூட்டியாச்சு, தூங்குங்க

காலை ஆறு மணிக்கு வாஸ்வா படுக்கையறையிலிருந்து வெளியே வந்து வைத்த முதல் அடி ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் விழுந்தது. இரண்டாவது அடி இன்னொரு பேசினுக்குள். கூடம் முழுக்க ஏழு பேசின்கள், ஏழும் வறண்டு கிடந்தன. நான்சானா ஊரில் மழை பெய்து இருபது நாளாகிறது.

"யாரு இதையெல்லாம் இங்க வெச்சது?" என்று கத்தினான். பேசினுக்குள் நிற்கும் ஒரு தலைமைச் செயல் அதிகாரிக்கு எவ்வளவு கம்பீரம் சாத்தியமோ அவ்வளவும் அந்தக் குரலில் இருந்தது.

"நான்தான்டா வெச்சேன்!" சோபாவில் ஈரமே படாத துணி மூட்டையை மடியில் கட்டிக்கொண்டு அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். "தகரக் கூரை அதிர அதிர மழை! ஒழுகுற இடமெல்லாம் பேசின வெச்சுட்டு, கொடியில துணி கெடக்குதேன்னு விழுந்தடிச்சு ஓடறேன்... வெளிய போய்ப் பாத்தா நட்சத்திரம் பல்லக் காட்டுது! மழை போனுக்குள்ள பெய்யுதுடா, உன் தூக்கச் செயலியில!"

ஊரே அவளை நாலோங்கோ என்றுதான் அழைக்கும். இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு அங்கே கிடைக்கும் பட்டம் அது. வாஸ்வாவும் அவனுக்குப் பத்து நிமிடம் பின்னால் பிறந்த தங்கை நகாட்டோவும் சேர்ந்து வாங்கிக்கொடுத்த பட்டத்தை, முப்பத்தெட்டு வருடமாக அவள் கீழே இறக்கி வைத்ததில்லை.

"அது சாதாரண மழை இல்லம்மா. உலகத் தரமான மழை. ஐரோப்பாவுல கோடிக்கணக்கான பேர் இதக் கேட்டுத்தான் தூங்கறாங்க."

"அவங்க கூரை ஒழுகாது. தூங்குவாங்க!"

இதைத்தான் வாஸ்வாவின் மனைவி நல்வோகா இரண்டு மாதத்துக்கு முன்பே அவனிடம் சொன்னாள். இப்போது அவள் சமையலறையில் மட்டோக்கே வாழைக்காயின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். வாசலருகே அவளுடைய பெட்டி கட்டித் தயாராக இருந்தது. காலைப் பஸ்ஸில் அவளை மசாக்காவிலுள்ள அப்பா வீட்டுக்கு அனுப்புவது என்று முந்தின இரவே தீர்ப்பாகிவிட்டது. குற்றம், வீட்டு விஷயத்தை வெளியே சொன்னது. தண்டனை, கல்யாணத்துக்கு முன் அவளுக்குக் குடித்தனப் பாடம் சொல்லிக்கொடுத்த அப்பாவின் தங்கையிடம் மறுபடி அதே பாடத்தைக் கற்று வருவது. ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தி, ஒரு பெண்ணை விடுதிப் பள்ளியில் படிக்க வைத்திருக்கும் ஒருத்தியை அப்படி அனுப்பினால், மசாக்காவில் அவள் அப்பா ஒரு வருடத்துக்குத் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது.

ஆனால் பதினோரு மணிக்கு, வாஸ்வாவின் செயலியில் பணம் போடலாமா என்று பார்க்க நிதி நிறுவனத்திலிருந்து மேடம் வருகிறார். விருந்து சமைக்க ஆள் வேண்டும். எனவே தண்டனை மதியத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

"சமைச்சு வெச்சுட்டுப் போ. வேர்க்கடலைக் குழம்பு கெட்டியா இருக்கணும்" என்று நகாட்டோ வந்து சொன்னாள். அண்ணன் நிறுவனத்தில் அவள்தான் மக்கள் தொடர்பு அதிகாரி. இதுவரை மக்கள் யாரும் தொடர்பு கொள்ளவில்லை.

"சரி" என்றாள் நல்வோகா.

"என்ன அண்ணி, சரின்னா? கொஞ்சமாவது வருத்தம் வேணாமா? நேத்து சர்ச்சுல எனக்கு மானமே போச்சு!"

நேற்று நடந்தது இதுதான். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்த வாஸ்வாவைப் பார்த்து மூப்பரின் மனைவி, "உங்கம்மா முழங்காலு இப்ப எப்படி?" என்று கேட்டாள். பாடகர் குழுப் பெண் வந்து, "தைலம் தடவுறாங்கல்ல, சரியாயிடும்" என்றாள். மூன்றாவதாக வந்த பள்ளி வாத்தியார், "உங்க கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்க" என்றார். நாலோங்கோவுக்கு முழங்கால் வலி என்பது அரச ரகசியம். வலியே கிடையாது என்று காட்டுவதற்காகவே அவள் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் முன்வரிசையில் நின்று பாட்டுக்கு ஆடுவாள்.

விசாரித்ததில் வந்த வழி தெரிந்தது. வாஸ்வாவின் தூக்கச் செயலிதான். பெயர் 'ஓஷன் கிரவுன்'. கடலே இல்லாத நாட்டில், கடலையே பார்க்காத ஒருவன் வடிவமைத்தது. அலை ஓசை, மழை ஓசை, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் 'உங்கள் பாரத்தையெல்லாம் கரையில் இறக்கி வையுங்கள்' என்று கிசுகிசுக்கும் ஓசை. நாற்பது பேர் போனில் சோதனைக்காகப் போட்டுக் கொடுத்திருந்தான். செயலியின் ஓசைப் பட்டியலின் அடியில், பெயர்கூட இல்லாமல், 'சோதனை ஏழு' என்று ஒன்று கிடந்தது. அதில் பேசியவள் நல்வோகா.

"ஒலி சரியா வருதான்னு பாக்கணும், எதையாவது பேசிப் பதிஞ்சு போடு" என்று சொன்னவன் வாஸ்வாவேதான். சொன்னதையும் மறந்தான், பதிவை நீக்கவும் மறந்தான். எதையாவது பேசு என்றால் அவள் எதைப் பேசுவாள்? அன்று இரவு வீட்டைப் பூட்டிக்கொண்டே பேசினாள். அவ்வளவுதான்.

நேற்று மாலையே அந்தப் பதிவை அவன் அழித்துவிட்டான்.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் உனக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று நாலோங்கோ அப்போது மார்பில் அடித்துக்கொண்டாள். "நாலு செவுத்துக்குள்ள நடக்கறது நாலு செவுத்துக்குள்ள இருக்கணும்னு சொல்லலையா? என் முழங்கால நாப்பது வீட்டுல ஏலம் போட்டுட்டியேடி...!"

நல்வோகாவிடம் இதற்குப் பதில் சொல்ல இருந்ததா? நிறைய இருந்தது. மசாக்கா வானொலியில் மாலை அறிவிப்புகள் வாசித்துக்கொண்டிருந்த பெண் அவள். மருமகளின் குரல் ஊர்ப் பொதுச்சொத்தாக இருக்கக்கூடாது என்று மாமியார் சொன்னதால் அந்த வேலையை விட்டாள். பிறகு பள்ளிச் சீருடை தைத்தாள். வாஸ்வா அதற்கு முன் உருவாக்கிய மூன்று செயலிகளும் அந்தத் தையலில்தான் வளர்ந்து, அந்தத் தையலில்தான் செத்தன. நான்காவதுக்குக் கணினி வேண்டும் என்றபோது தையல் மெஷினே போயிற்று.

பதினோரு மணி என்றவர் பத்தரைக்கே வந்துவிட்டார். தும்வேபாசே மேடம், ஐம்பது வயது, கையில் ஒரு பை, முகத்தில் தூக்கக் கலக்கம். வாஸ்வா கோட்டுப் போட்டுக்கொண்டு வரவேற்றான். கார் இல்லாத கார் ஷெட்டில் இருந்த தலைமை அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினான். அதற்கு நான்கு அடி போதுமாக இருந்தது. பிறகு கூடத்தில் திரையை விரித்தான்.

"மேடம், தூக்கம் என்பது வெறும் தூக்கமல்ல. அது ஒரு பயணம்..."

"மழையப் பத்திப் பேசலாமா?" என்றார் மேடம்.

"பேசலாம் மேடம்! ரொம்ப உயர்ந்த ரகப் பதிவு..."

"பதினோராவது நிமிஷத்துல மழை ஆரம்பிக்குது. பன்னெண்டாவது நிமிஷம் எல்லாரும் எழுந்துடறாங்க. யார் எப்ப போனத் தொட்டாங்கன்னு உங்க செயலியே கணக்கு வெச்சிருக்கு. மொத வாரமே நான் சோதிச்சுப் பாத்தேன். நானும் எழுந்து போய்த் துணி எடுத்தேன், மிஸ்டர் வாஸ்வா. அலை ஓசைல என் வீட்டுக்காரர் குழாய் தெறந்து கெடக்குன்னு மூணு தடவ போய்ப் பாத்துட்டு வந்தாரு."

வாஸ்வா தொண்டையைச் செருமினான். "பயனாளிகளுக்குக் கொஞ்சம் பயிற்சி தேவைப்படுது மேடம்."

"தூங்கறதுக்கா?"

கதவோரம் நின்றிருந்த நகாட்டோ சிரிப்பை இருமலாக மாற்றினாள். மேடம் காகிதத்தைப் புரட்டினார்.

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து யாரும் மழையப் போடல, அலையப் போடல. நாப்பது பேர்ல முப்பத்தாறு பேர் ஒண்ணே ஒண்ணத்தான் கேக்கறாங்க. சோதனை ஏழு. பாதி முடியறதுக்குள்ள தூங்கிடறாங்க. நானும்தான். அந்தப் பொண்ணு யாரு?"

வாஸ்வா புகார்தான் வருகிறது என்று முடிவுகட்டி முந்திக்கொண்டான்.

"மன்னிக்கணும் மேடம்! அது ஒரு தவறு. என் மனைவி... சமையலறைப் பேச்சு... எங்க தரத்துக்குச் சம்பந்தமே இல்ல. நேத்தே அழிச்சுட்டேன். அவளையும் இன்னிக்கு அவ அப்பா வீட்டுக்கு அனுப்பறேன்."

"அழிச்சுட்டீங்களா?" மேடம் எழுந்தே விட்டார். "அதான்! ராத்திரி முழுக்கத் தேடறேன், காணோம்! கண்ணு ரெண்டும் எரியுது எனக்கு!"

அந்த நேரம் பார்த்து நல்வோகா தட்டுகளோடு உள்ளே வந்தாள். விருந்தாளி முன் முறைப்படி முழங்காலிட்டு, "வாங்க மேடம், நல்லா இருக்கீங்களா? பயணம் நல்லபடியா இருந்துச்சா?" என்றாள்.

மேடம் தட்டைப் பார்க்கவில்லை. குரல் வந்த வாயைப் பார்த்தார்.

"நீங்கதானா...! எழுந்திருங்கம்மா, எழுந்திருங்க! அன்னிக்கு என்ன பேசினீங்க? ஒரு தடவ சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"வேணாம் மேடம். அதனாலதான் இங்க..." தட்டுகளைக் கீழே வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, போகிறவளுக்கு என்ன பயம் என்று நினைத்தாளோ, நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"வெளி கேட்டப் பூட்டியாச்சு. இழுத்துப் பாத்துட்டேன். கரி அடுப்புல தண்ணி தெளிச்சாச்சு, கங்கு இல்ல. கேன்ல காலைக்குத் தண்ணி இருக்கு. அத்தை முழங்காலுக்குத் தைலம் தடவியாச்சு. கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், தோளால தள்ளிப் போட்டுட்டேன். எல்லாரும் வந்தாச்சு. யாரும் எழுந்து பாக்க வேணாம். நான் பாத்துட்டேன்... தூங்குங்க."

மேடத்தின் டிரைவர் வாசற்படியில் உட்கார்ந்தபடி ஒரு கொட்டாவி விட்டார்.

"இதுல எங்க இருக்கு மேடம் தொழில்நுட்பம்?" என்றான் வாஸ்வா மெதுவாக.

"இந்த ஊர்ல ஜனங்க ஏன் தூங்கலன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியல. அதுதான்." மேடம் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "இன்னொண்ணு. ஒண்ணாம் நம்பர் பயனாளி யாரு? இருபத்திரெண்டு நாள், ஒரு நாள்கூட விடல. சில நாள் ரெண்டு தடவ. நேத்து ராத்திரி பதினேழு தடவ பட்டியல மேலயும் கீழயும் தேடியிருக்காங்க. கடைசில மழை மேல கை பட்டிருக்கு."

நகாட்டோவிடம்தான் பதிவேடு இருந்தது. அவள் பார்த்தாள். ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "ஒண்ணாம் நம்பர்... மரியாதைக்காக அம்மா போனத்தான் மொதல்ல..."

எல்லோரும் சோபாவைப் பார்த்தார்கள்.

நாலோங்கோ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பட்டம், பெருமை, முன்வரிசை ஆட்டம் எல்லாம் அந்தத் துணிக்குள் சுருங்கிப் போயின.

"ஆமாடி... நான்தான்! உன் மாமா இறந்துபோன நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் ஏது? ராத்திரி நாலு தடவ எழுந்து தாழ்ப்பாளத் தொட்டுப் பாப்பேன். போட்டிருக்கும். திரும்பி வந்து படுத்தா போடலையோன்னு இருக்கும். நீ தோளால தள்ளிப் போட்டேன்னு சொல்றப்ப... அது நம்ம வீட்டுத் தாழ்ப்பாள்டி! எனக்குத் தெரியும், தோளக் குடுத்தாத்தான் விழும்! அதக் கேட்டுத்தான்டி கண்ண மூடினேன்..."

ஒன்பது வருடத்தில் முதல் முறையாக நல்வோகா கேள்வி கேட்டாள்.

"அப்ப நேத்து ஏன் பேசல அத்தை? என்னை அனுப்பணும்னு சொன்னப்ப, நீங்க இருபத்திரெண்டு நாள் கேட்டதச் சொல்லியிருக்கலாமே! ஒரு வார்த்தை...!"

"வெக்கம்டி! ஊரக் கூட்டித் திட்டினவளே நான்தானே... உன் வாய அடைச்சதும் நான், உன் குரலத் தேடி அழுததும் நான்னு எப்படிச் சொல்வேன்? நீ போயிட்டா எனக்கு யாருடி சொல்லுவா, பூட்டியாச்சுன்னு...!"

நாலோங்கோ எழுந்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. நொண்டி நொண்டி வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். நல்வோகாவின் கைகள் கொஞ்ச நேரம் தொங்கியபடியே இருந்தன. பிறகு மெல்ல உயர்ந்து கிழவியின் முதுகில் படிந்தன. இருவரும் அழுதார்கள். நகாட்டோவும் அழுதாள். மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் கொஞ்சம் உரக்கவே.

வாஸ்வா இதற்குள் சுதாரித்துக்கொண்டு விசிட்டிங் கார்டை நீட்டினான். "ஆக மேடம், நாங்கள் உருவாக்கிய இந்தப் புதுமையான..."

"நாங்கள்னா யாரு?" என்றார் மேடம். "ஒப்பந்தத்துல வடிவமைச்சவர் கையெழுத்து வேணும். எனக்கு அவங்க பேர்தான் வேணும்."

காகிதம் நல்வோகாவின் முன்னால் வந்தது. அவள் உடனே கையெழுத்துப் போடவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாக வாசித்தாள். வானொலி நிலையத்தில் கற்றது.

"மழை போகணும். கடலும் போகணும். என் குரல் மட்டும் போதாது மேடம். குலு ஊர்ல ஒரு அம்மா அவங்க பாஷைல பூட்டட்டும். முபாராரா ஊர்ல ஒரு அப்பா மாட்டுத் தொழுவத்த அடைக்கட்டும். பேசறவங்களுக்கெல்லாம் சம்பளம். பேரையும் மாத்தணும்."

"என்ன பேரு?"

"'பூட்டியாச்சு'ன்னே இருக்கட்டும்."

"இதைத்தான் மேடம் நானும் ஆரம்பத்துலேர்ந்து..." என்றான் வாஸ்வா. யாரும் திரும்பாததால் வாக்கியத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, மனைவி பக்கம் வந்தான். குரல் தாழ்ந்திருந்தது. இந்த முறை அது உண்மையாகவே தாழ்ந்திருந்தது. "நான்தான் பதியச் சொன்னேன். நான்தான் மறந்தேன். பழிய உன் மேல போட்டேன்... மன்னிச்சுடு. பெட்டிய உள்ள எடுத்து வெச்சுடவா?"

"வேணாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"போறியா? இதுக்கப்புறமுமா?"

"பாடம் படிக்கப் போகல. அப்பாவப் பாத்துட்டு, ஒரு வாரம் தூங்கப் போறேன். ஒன்பது வருஷமா நான்தான் கடைசியாப் படுக்கறேன்."

"அப்ப ராத்திரி வீட்ட யாரு பூட்டுறது?"

"தலைமைச் செயல் அதிகாரி யாரோ அவருதான். தாழ்ப்பாளுக்குத் தோளக் குடுங்க. கோட்டக் கழட்டிட்டுக் குடுங்க, கிழிஞ்சுடும்."

நாலோங்கோ சிரித்துவிட்டாள். மகனை நோக்கி, "கேட்டுக்கடா!" என்றாள். அவளே வாழையிலையில் மட்டோக்கேயும் குழம்பும் பொதிந்து மருமகளின் கையில் திணித்தாள். மேடம் தன் காரிலேயே பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். பெட்டியை டிக்கியில் வைத்தவன் வாஸ்வா.

மசாக்கா பஸ் ஆள் நிறையட்டும் என்று காத்திருந்தது. நடத்துனர் தகரத்தைத் தட்டித் தட்டி ஊர்ப் பெயரைக் கூவினான். பக்கத்துப் பஸ் ஹாரனை விடவில்லை. முன் சீட்டுக் கூடையில் இரண்டு கோழிகள். ஒலிபெருக்கியில் ஒருவன் பல் மருந்து விற்றான். சுட்ட நேந்திரம்பழம் விற்ற ஒரு பெண்மணி ஜன்னலோரம் சாய்ந்திருந்த நல்வோகாவிடம் கை நீட்டி, "அக்கா, சூடா இருக்கு, வாங்கிக்க! அக்கா...!" என்றாள்.

"எழுப்பாதேம்மா" என்றார் பக்கத்துச் சீட்டுப் பெரியவர், குரலைத் தாழ்த்தி. "இப்படித் தூங்கறவங்களப் பாத்து எத்தன நாளாச்சு!"