விலாசத்தில் குடியிருப்பவர்கள்

சின்னவனின் பிரஷ் ஈரமாக இருந்தது.

குளியலறைக் குவளையில் நான்கு பிரஷ்கள். அவளே கடையில் வாங்கி, அவளே அட்டையைக் கிழித்து, ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும்படி வைத்தவை. யாரும் பல் துலக்குவதற்காக அல்ல. இந்த வீட்டில் ஒரு குடும்பம் பல் துலக்குகிறது என்று பார்க்க வருகிறவர் நம்புவதற்காக. மூன்று பிரஷ்கள் கடையில் இருந்த மாதிரியே விறைப்பாக நின்றன. நான்காவதின் முனையில் ஒரு துளி நீர் தொங்கியது. நார்கள் இடப்பக்கம் வளைந்திருந்தன. சின்னவன் அப்படித்தான் அழுத்தித் தேய்ப்பான். அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை; அங்கே உட்காருகிறவள் பிள்ளை இப்படியா தேய்ப்பான் என்று தினமும் திட்டுவாள்.

ஆனால் சின்னவன் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை.

பிள்ளைகளைச் சேர்க்க நினைத்த அந்தப் பள்ளியில் இடம் வேண்டுமானால் அந்த ஏரியாவில் குடியிருக்க வேண்டும்; பள்ளியிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார். அந்த ஏரியாவில் குடியிருக்க வேண்டுமானால் அந்தப் பள்ளியில் படித்துப் பெரிய ஆளாகியிருக்க வேண்டும், வாடகை அப்படி. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் அங்கே இருப்பவர்கள் உடனே பதில் சொல்வதில்லை. லேசாக இருமி, கேட்டவர் நிமிர்ந்து உட்கார நேரம் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்கள். கணவனின் அண்ணியும் அங்கேதான் இருக்கிறாள். “எங்க பக்கமெல்லாம் நாய்கூட அனாவசியமா குரைக்காது” என்று ஒருமுறை சொன்னாள். அன்று இரவே கணவன் முடிவெடுத்துவிட்டான்.

எனவே, நல்ல ஏரியா முடிகிற விளிம்பில், ஒரு கட்டிடத்தின் பின்பக்க மாடியில், ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு விலாசத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். வாழ்வது ஊரின் மறுகோடியில், பழைய வீட்டில். வாரம் ஒருமுறை வேலை முடிந்து அவள் வந்து, வாசலில் செருப்புகளை இடம் மாற்றி வைப்பாள். கொடியில் பிள்ளைகளின் பழைய துணிகளைக் காயப்போடுவாள். தொட்டியில் ஒரு தட்டைக் கழுவாமல் போடுவாள். அழுக்குத் தட்டு இல்லாத வீட்டை யார் நம்புவார்கள்?

பிரஷ் ஈரமாக இருந்த அன்று படியிறங்கும்போது கீழ்வீட்டம்மா கதவைத் திறந்தாள்.

“உங்க பிள்ளைங்களப் பத்தி நேத்துகூட எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்மா. இருக்கிற இடமே தெரியல. பெரியவ படிக்கிற சத்தம் மட்டும் கேக்கும். என்னா தெளிவு. கேட்டுக்கிட்டே இருக்கலாம்.”

பெரியவள் மிரட்டினால்தான் புத்தகத்தைத் திறப்பாள், அப்போதும் முணுமுணுப்பாள். ஆனாலும் இவள் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பது பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கேட்டதும் கணவன் குதூகலித்தான். “அந்தம்மா நமக்காகப் பொய் சொல்லிப் பழகுது. விசாரிக்க வர்றப்ப சாட்சி ரெடி.”

“பிரஷ் ஈரமா இருந்துச்சுங்க.”

“குழாய் ஒழுகியிருக்கும்.”

“வளைஞ்சிருந்துச்சு.”

“பிரஷ்னா வளையத்தான் செய்யும். உனக்கு ஊர்ல இருக்கிறவன் பல்லெல்லாம் கனவுல வருது, வேறொண்ணுமில்ல.”

வீட்டுத் தரகர் அந்த அறையை வேறு யாருக்கோ கள்ளத்தனமாக விட்டிருப்பார் என்று அவள் நினைத்தாள். நினைக்கவே நிம்மதியாக இருந்தது. திருட்டுக்கு ஒரு முகம் இருக்கிறது. புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள். இரண்டு சாவியையும் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை பூட்டு அப்படியே இருந்தது. கதவைத் திறந்ததும் வெங்காயம் வதங்கிய வாசனையும், அதற்கடியில் சோப்பும், பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்தால் அறையில் தங்குமே, அந்த வெயிலும் வியர்வையும் கலந்த வாடையும் வந்தன. துண்டு நனைந்திருந்தது. தலையணையில் ஒரு குழி. கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மேசையில் வீட்டுப்பாடம் விரித்திருந்தது, பெரியவளின் கையெழுத்தில், சுழியை அரைகுறையாக விடும் அதே பழக்கத்தோடு. அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை. எல்லாக் கணக்கும் சரி.

தொட்டியில் அவள் போட்டுவிட்டுப் போன தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

அதன் பிறகு பழைய வீட்டில் சில விஷயங்கள் நடந்தன. பிள்ளைகள் இப்போது படிக்கும் பள்ளியின் வேன் நிற்காமல் போனது. ஓடிப்போய்க் கேட்டதற்கு ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். “வீடு மாத்திட்டீங்கன்னு சொன்னாங்களே மேடம். அந்த சீட்ட வேற பிள்ளைக்குக் குடுத்துட்டேன்.” எதிர்வீட்டுக்காரர் தன் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து இவர்கள் வாசலில் சாய்த்து வைத்தார், கேட்டதும், காலியாக இருக்கிறது என்று நினைத்தேன் என்று மன்னிப்புக் கேட்டார். பெரியவள் ஒரு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“மிஸ் என் பேரக் கூப்பிடலம்மா. நான் இங்கதான் இருக்கேன்னு சொன்னேன். திரும்பிப் பாக்கவே இல்ல.”

அழவில்லை. அழுதிருக்கலாம். குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவது போல மெல்லியதாக இருந்தது. சின்னவன் அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, தன் கையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

அன்றைக்கு அவள் கணவனிடம் சொன்னாள். “இந்த ஸ்கூல் வேணாங்க. வீட்டக் காலி பண்ணிடலாம்.”

“சனிக்கிழமை அதிகாரி வர்றார். இப்பப் போய் வேணாம்னா அண்ணி முன்னாடி என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?”

“பிள்ளைங்க அங்கதான் இருக்காங்கன்னு அவர் சொல்லிட்டா…”

“சொல்லணும்னுதானே இவ்வளவு பாடு.”

அதுதான். அவர் சொல்லிவிட்டால் அங்கேதான் இருப்பார்கள். இங்கே இருப்பது யார் என்று பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். அதிகாரி மாடி ஏறுவதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெட்கம் போனால் போகட்டும்.

சனிக்கிழமை மாலை நால்வரும் போனார்கள். கணவன் புதுச் சட்டை போட்டிருந்தான்; உண்மை பேசப் போகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. பின்பக்கச் சந்தில் திரும்பியபோது கட்டிடத்தை ஒட்டிப் பள்ளியின் கார் ஏற்கெனவே நின்றது. மேலே ஜன்னலில் வெளிச்சம். தேநீர்க் கோப்பைகள் உரசும் சத்தம். ஒரு பெண்ணின் சிரிப்பு. விருந்தாளிகளுக்கென்று இவளே வைத்திருக்கும் சிரிப்பு அது.

“யாரோ உள்ள இருக்காங்க. இருங்க, நான் சமாளிக்கிறேன்” என்று தலைமுடியைக் கோதிக்கொண்டு கணவன் படியேறினான்.

கதவு திறந்தது. மூடியது. அவன் குரல் கேட்டது. சத்தமில்லை, சண்டையில்லை. பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, அவனும் சிரித்தான்.

திரும்பி வரவில்லை.

அவள் இரண்டு கைகளிலும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு வரை போனாள். அதற்குள் அதிகாரி இறங்கி வந்தார், வழியனுப்பும் கீழ்வீட்டம்மாவோடு பேசியபடி.

“இப்படி ஒரு குடும்பத்தப் பாத்து நாளாச்சும்மா. பாதிப் பேர் வெறும் விலாசத்தப் புடிச்சு வச்சுக்கிட்டு எங்கள ஏமாத்துறாங்க.”

“சார்” என்றாள். “அங்க யாரும் குடியில்ல. நாங்க பொய் சொன்னோம். இவங்கதான் என் பிள்ளைங்க.”

அதிகாரி நின்றார். மரியாதையாக அவள் வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். கீழ்வீட்டம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“எந்தப் பிள்ளைங்கம்மா?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றினார்.

மேலே ஜன்னலுக்கு ஒரு சிறுமியும் ஒரு பையனும் வந்தார்கள். தலை வாரி. பளிச்சென்று. அவர்களுக்குப் பின்னால் அவள். அவளேதான். இரண்டு தோள்களிலும் கை போட்டு, வேலையில்லாமல் தெருவில் நிற்கிறவர்களை அந்த ஏரியாக்காரர்கள் பார்ப்பது போல, கீழே பார்த்தாள்.

கீழே நின்றவள் பக்கத்திலிருந்த பிள்ளைகளைக் குனிந்து பார்க்கவில்லை. குனிய முடியவில்லை.

உள்ளங்கைகளில் சின்ன விரல்கள். இரண்டு பக்கமும். இறுக்கமாக. சூடாக.

கட்டைவிரலால் மெல்லத் தடவினாள். விரல்கள். புறங்கை. மணிக்கட்டு.

அதற்கு மேல் காற்று.