இரண்டு முறை திரும்பிய சுக்கான்

காலை ஏழரை மணிக்கு வந்து நின்ற பெண்ணின் காலில் இருந்தது ஒரு ஜோடியே அல்ல. ஒன்று அவளுடைய செருப்பு. மற்றது யாரோ ஆண்பிள்ளையுடையது.

"உட்காருங்கம்மா. பயந்து ஓடி வந்திருக்கீங்க," என்றார் தந்தியார். தந்தி ஆபீசில் முப்பது வருடம் தந்திக் கருவியின் ஒற்றைக் கட்டையைத் தட்டி ஓய்வு பெற்றவர். ஊரார் சிக்கல்களை அவிழ்ப்பது இப்போது அவருக்குப் பொழுதுபோக்கு. கூடவே இருப்பவன் அவருடைய மச்சினன் 'உடனடி'. எதிலும் உடனடியாக ஒரு முடிவுக்கு வருவான்; அது தப்பென்றால் உடனடியாக இன்னொன்றுக்கு வருவான்.

"மாமாவுக்குப் பாலும் மருந்தும் குடுத்துட்டு அப்படியே வந்துட்டேன் சார். எங்க வீட்டுல ஒரு கப்பல் தானா திரும்புது."

"ஆவி," என்றான் உடனடி.

"கப்பல் எவ்வளவு பெருசு?" என்று மட்டும் கேட்டார் தந்தியார்.

"என் கை நீளம் இருக்கும்."

அவளுடைய மாமனார் ரேடியோ மெக்கானிக். மரத்தில் கப்பல் செதுக்கி, அதைப் பூங்காக் குளத்தில் ஓட்டத் தானே ஒரு ரிமோட்டும் செய்திருந்தார். ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் கப்பலுக்குள் மோட்டார் உறுமும். பின்னாலிருக்கும் சுக்கான் ஒரு முறை திரும்பி நேராகும். இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. அன்றிலிருந்து கப்பல் கூடத்தில் சார்ஜரில் செருகியபடியே நிற்கிறது.

"ரிமோட் பேட்டரிய நானே கழட்டி வச்சிட்டேன் சார். அப்படியும் பதினொரு நாளா, காலையில எட்டே முக்காலுக்குச் சுக்கான் ரெண்டு தடவை திரும்புது. நான் கத்துவேன். என் வீட்டுக்காரர் ஓடி வருவார். பாக்குறதுக்குள்ள நின்னுடும்."

"அந்த நேரத்துல யார் யார் எங்கே?"

"நான் சமையலறையில. அவர் மாமாகிட்ட சொல்லிட்டு ஆபீஸ் கிளம்புவார்... கிளம்புறார்னு நினைக்கிறேன். நாங்க பேசிக்கிறதில்ல. பன்னெண்டு நாளாச்சு."

மாமாவை முதியோர் காப்பகத்தில் விட வேண்டும் என்றிருக்கிறான் கணவன். இவள் கூடாது என்றிருக்கிறாள். அதோடு பேச்சு நின்றது.

"காப்பகத்துல இருந்து போன் பண்ணாங்க, இன்னிக்குப் பத்து மணிக்கு வண்டி வருது சார். மாமாவுக்குப் புத்தி போயிடுச்சுங்கறார். சோப்பு டப்பாவக் கட்டிப்பிடிச்சிட்டுத் தூங்குறார். வாயில வர்றது ஒரே வார்த்தை, 'ரெண்டு'. உடனே பெட்பேன் வைப்போம். ஒண்ணும் இருக்காது."

"பாவம், மலச்சிக்கல்," என்றான் உடனடி.

அவள் சிரிக்கவில்லை. "கப்பலப் பாத்தா இப்ப எனக்கே பயமா இருக்கு. மாமா புத்தியோட உள்ள இருக்காரா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க."

எட்டேகாலுக்கு அந்த வீட்டில் இருந்தார்கள். உடனடி கூடத்தில் கப்பலை மூன்றடி தள்ளி நின்று ஆராய்ந்தான். சோபாவுக்குப் பின்னால் நின்றால் நன்றாகத் தெரிகிறது என்றான். தந்தியார் பெரியவரின் அறைக்குப் போனார்.

பெரியவர் கண் பாதி சொருகிக் கிடந்தார். கை ஜில்லென்றிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே, 'இன்னொன்று வருமா' என்று தந்தியாரே நின்று கேட்கும்படி இருந்தது.

"முன்னாடியும் இப்படித்தானா?"

"இல்ல சார். இந்த ஒரு வாரமாத்தான் இப்படி அசந்து அசந்து போறார்."

கட்டிலின் இடது பக்க முக்காலியில் அலாரம் கடிகாரம் நான்கு பத்தில் நின்றிருந்தது. "இது எப்ப நின்னது?"

"பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும். செல் தீர்ந்திருக்கும்."

தந்தியார் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். செல் தீரவில்லை, செல்லே இல்லை. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எட்டே முக்கால். மகன் ஒரு ஸ்பூனோடு உள்ளே வந்தான். பெரியவரின் கண்கள் அகல விரிந்தன. "ரெ... ண்டு," என்றார்.

கூடத்தில் கிர்ர் என்றது. நின்று, மறுபடியும் கிர்ர்.

மருமகள் அலறினாள். அவளை மிஞ்சி உடனடி அலறினான். மகன் அவசரமாக ஊட்டிவிட்டுக் கூடத்துக்கு ஓடும் எண்ணத்தில் ஸ்பூனை அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனான். கதவுக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"அந்த மாத்திரைய மட்டும் குடுத்துடாதீங்க தம்பி."

மருமகளும் உடனடியும் ஓடி வர, மகனோடு மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தந்தியார் போர்வையை விலக்கினார். இடது கையில் சோப்பு டப்பா. அதன் மேல் ஒரு பட்டன். பட்டன் மேல் பெரியவரின் கட்டைவிரல் இருந்தது.

"வெள்ளோட்டத்துக்குச் செஞ்ச முதல் ரிமோட்டா இருக்கணும் இது. உள்ளே இருக்கிறது கடிகாரத்தோட செல். ஒரே செல், கூடம் வரைக்கும்தான் எட்டும். புத்தி போன மனுஷன் ஒத்தக் கையால இதைச் செய்ய முடியுமா?" மருமகளைப் பார்த்தார். "ரத்த அழுத்த மாத்திரை, டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை சொன்னார்?"

"ஒண்ணு."

"இன்னிக்குப் பால்ல எத்தனை கரைச்சீங்க?"

"ஒண்ணுதான் சார்."

"தம்பி, ஸ்பூன்ல?"

மகனின் முகம் வெளுத்தது. "ஒண்ணு... கோபத்துல இவ மறந்துடுவாளோன்னு நானே ஒரு அட்டை வாங்கி..."

"நீங்க எங்க கவனிக்கப் போறீங்கன்னு நான்..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முன்னாடியெல்லாம் 'குடுத்தாச்சா'ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருப்பீங்க. அந்த ஒரு வார்த்தை நின்னுபோச்சு. அதான் ரெண்டு மாத்திரை. அவர் ரெண்டுன்னார், நீங்க பெட்பேன் வச்சீங்க. கப்பலைக் கத்த வச்சார், எல்லாரும் அவரை விட்டுட்டுக் கப்பல்கிட்ட ஓடினீங்க."

"நான் அப்பவே நினைச்சேன் அத்தான்," என்றான் உடனடி, சோபா தூசியைத் தட்டியபடி.

மகன் கட்டிலருகே மண்டியிட்டான். "அப்பா, எங்க மேல கோபமா? ஆமான்னா ஒரு தடவை. இல்லேன்னா ரெண்டு."

கப்பல் ஒரு முறை உறுமியது.

"இருங்க, ரெண்டாவது வரும்," என்றான் உடனடி. வரவில்லை. பெரியவரின் கண்கள் மீண்டும் சொருகின.

"ஏங்க! டாக்டருக்குப் போன் போடுங்க!"

டாக்டர் வந்து, நாடி பிடித்து, ரத்த அழுத்தம் பார்த்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடியும் பார்த்தார். பத்து மணிக்கு வந்த வண்டியை மகனே போய்த் திருப்பியனுப்பினான். பதினொன்றரைக்குத்தான் டாக்டர் நிமிர்ந்தார். "இன்னும் நாலு நாள் போயிருந்தா என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்ல. இப்ப பயமில்ல. ராத்திரி மட்டும் யாராவது கூடவே இருங்க."

தந்தியாரும் மச்சினனும் தெருவுக்கு இறங்கும்போது உள்ளே குரல்கள் உயர்ந்தன. "நான்தான் உக்காருவேன்!" "உங்களுக்குத் தூக்கம் வந்துடும், நான் பாத்துக்கறேன்!" "யாருக்குத் தூக்கம் வரும்?"

"அத்தான், மறுபடியும் சண்டை ஆரம்பிச்சாச்சு," என்று உடனடி கவலையோடு திரும்பிப் பார்த்தான்.

"நீ வா மாப்ளே," என்றார் தந்தியார். "பேசிக்கிறாங்க."