அடித்துவிட்ட வரி

ட்ரிங்... ட்ரிங்...!

லண்டன், 1978. காலை எட்டரை.

சர் லயனல் ப்ரதர்ட்டன் ரிஸீவரை எடுத்தார். வியன்னாவில் பிரிட்டிஷ் தூதராக இருந்துவிட்டு, போன வாரம்தான் ஊர் திரும்பியவர். திங்கட்கிழமை வெளியுறவுத் துறையின் தலைமை நாற்காலியில் உட்காரப் போகிறவர்.

"சார், பாதுகாப்புப் பிரிவு மக்ரே பேசறேன். வியன்னாவுல நமக்கு ரகசியம் சொல்லிட்டிருந்த யோஹான் செத்துட்டான். முதுகுல மூணு குண்டு!"

"ஐயோ!"

"உங்க வீட்டுக்குக் கீழ டெலிபோன் பூத்துலதான் நிக்கிறேன். மேல வரலாமா?"

வந்தான். ஒரு காகிதத்தை நீட்டினான்.

"யோஹானைக் காட்டிக்கொடுத்த காகிதம் சார். எதிரி ஆபீஸ்லேர்ந்து திருடிட்டு வந்தோம். நீங்க அனுப்பின தந்தியேதான்... ஆனா கடைசியில ஒரு வரி கூடுதல்!"

'யோஹான் பயந்த சுபாவம். அவனிடம் கருணை காட்டுங்கள்.'

லயனல் படித்தார். "தலைமைக்கு இளகின மனசு பிடிக்காதேன்னு கடைசி நிமிஷத்துல நானே அடிச்சுவிட்ட வரி இது!"

"அப்போ இது உங்க கைப்பிரதியிலேர்ந்து போயிருக்கு. அதை யார் பார்த்தாங்க?"

ஒரே ஒருத்தி.

இருபத்தேழு வருஷம், ஆறு நாடு. எந்த ஊரிலும் அவர் எழுதியது முதலில் சாப்பாட்டு மேஜைக்குத்தான் போகும். மனைவி ஹெஸ்டர் பென்சிலால் திருத்தித் தருவாள். அப்புறம்தான் தூதரகம்.

ஹெஸ்டரா...? என் ஹெஸ்டரா...?

அவளை ஜெயிலில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"யாரும் பார்க்கலை. நான்தான் கொடுத்தேன். கைது பண்ணுங்க!"

"சார்! விளையாடாதீங்க..."

டீ தட்டோடு ஹெஸ்டர் உள்ளே வந்தாள்.

"நம்பாதீங்க, மிஸ்டர் மக்ரே. இவருக்குச் சொந்தமா ஒரு தந்தி எழுத வராது... துரோகம் மட்டும் எங்கேர்ந்து வரும்? கொடுத்தது நான்."

"ஹெஸ்டர், வாயை மூடு!"

"இருபத்தேழு வருஷமா மூடிட்டுத்தானே இருந்தேன்?"

லயனல் அழுதேவிட்டார். "யோஹான் நம்ம மேஜையில சாப்பிட்டவன் ஹெஸ்டர்..."

அவள் தட்டை மேஜையில் வைத்தாள்.

"கொல்லுவாங்கன்னு நினைக்கலை. அந்த வரியைப் படிச்சாவது விட்டுடுவாங்கன்னுதான் அதையும் சேர்த்துக் கொடுத்தேன்."

"ஆனா... ஏன்?"

"வெளியுறவுத் துறைப் பரீட்சையில நான் முதலாவது, நீ பதினொண்ணாவது. கல்யாணமான பொம்பளை ராஜினாமா பண்ணணும்னு விதி. மோதிரம் போட்டதும் என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நீ தூதர் ஆனே... நான் உன் பென்சில் ஆனேன்."

மக்ரே எழுந்தான். "அதுக்காக எதிரிகிட்டயா போவீங்க, மேடம்?"

ஹெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசி முறையாக லயனலின் டையைச் சரிசெய்தாள்.

"என்ன பண்றது, மிஸ்டர் மக்ரே? கல்யாணமானவளுக்கும் அங்கதான் வேலை போட்டுக் கொடுத்தாங்க!"